பட்டினி கிடக்காத திராட்சைக்கொடி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி சாப்பிட்ட கை காய்வதற்குள் நான் ஒயின் குடித்தேன்.

சென்னை ராஜ்யத்து வாசகர்கள் உடனே பத்திரிகையைக் கீழே வைத்துவிட வேண்டாம். உங்கள் பக்கம் மதுவிலக்கு, எங்கள் புதுச்சேரியில் இல்லை. இதற்கு நான் பொறுப்பல்ல. சனிக்கிழமைதோறும் விழுப்புரம் பஸ்ஸிலும் கடலூர் பஸ்ஸிலும் 'கடற்காற்று வாங்க' வருகிற அன்பர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காற்று வாங்கிய பிறகு அவர்கள் பஸ்ஸுக்குத் திரும்புகிற நடையையும் பார்க்கிறேன். என்றைக்காவது யார் பெயரையாவது இந்தப் பகுதியில் எழுதியிருக்கிறேனா? அந்த மரியாதையை எனக்கும் காட்டுங்கள்.

அதுவும் நான் ஆசைப்பட்டுக் குடிக்கவில்லை. சாட்சியாகக் கூப்பிட்டார்கள். போனேன்... குடித்தேன்.

கூப்பிட்டவர் பக்கத்து வீட்டு அந்துவான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்போம். நேருக்கு நேர் கூப்பிடும்போது 'முசே'. பிரெஞ்சில் அது ஐயா என்று அர்த்தம். சைகோனில் பாதி ஆயுள், பிரான்சில் கொஞ்சம் என்று கழித்துவிட்டு, முத்தியால்பேட்டையில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர். மீசை மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது.

அவர் மனைவி மர்த்தாள் அம்மாள். இத்தனை வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம், அந்த அம்மாள் சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தையலும் பின்னலும் படித்தவர். சித்திரை வெயிலில் காக்கை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது, இவர் கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். யாருக்கு என்று கேட்டால், பிரான்சில் இருக்கிற பேத்திக்கு என்பார். குழந்தைக்கு இவ்வளவு நீளக் கையா என்று எனக்கு ஒரு தரம் தோன்றியது. பின்னல் விஷயத்தில் எனக்கு என்ன தெரியும்? விட்டுவிட்டேன்.

அவர்களுக்கு ஒரே மகன். பிரான்சில் போர்தோ பக்கம் வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே குழந்தை. குழந்தையைத் தாத்தா பாட்டி போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் அவன் லீவில் வந்தான். இரண்டு பேரும் கிளம்பி வந்துவிடுங்கள், இனி இங்கே யார் இருக்கிறார்கள் என்று அப்பாவைக் கெஞ்சினான். எங்கள் தெருவில் அந்தச் சமயத்தில் எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், நாம் போவதா இருப்பதா?

முசே போவதாக இல்லை. அங்கே பனியில் நின்றவர் அவர். அந்த ஊர் பிடிக்காமல் இல்லை. ஆனால் பிறந்த ஊரில்தான் சாக வேண்டும் என்று தீர்மானம் செய்துவிட்டார். பட்டாளத்துக்காரர் தீர்மானத்தை அசைப்பது சிரமம். மகனும் கெட்டிக்காரன், அசைக்காமல் இருந்தான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, கொண்டுவந்திருந்த ஒயின் பாட்டிலைத் திறந்து அப்பாவுக்கு ஊற்றினான். அத்தோடு விட்டிருக்கலாம். "இந்த மாதிரி ஒண்ணு நம்ம ஊரு மண்ணுல வருமாப்பா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டான்.

முசே கிளாஸைக் கீழே வைத்தார். "வரும். வரலன்னா நானே வந்து கப்பல் ஏறுறேன். வந்துடுச்சுன்னா இந்தப் பேச்ச இனிமே யாரும் எடுக்கக் கூடாது."

அன்றைக்கும் நான் சாட்சி. எதிரில் உட்கார்ந்திருந்தேன். மர்த்தாள் அம்மாள் மீன் வறுவல் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தார். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவரை யாரும் பார்க்கவில்லை. நானும்தான் வறுவலைப் பார்த்தேன்.

மகன் கப்பல் ஏறினான். முசே சைக்கிள் ஏறினார்.

மண்ணுக்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு சாயங்காலம் முழுக்க உட்காரவைத்துவிட்டார். பட்டாளத்தில் இருந்தபோது லீவு நாட்களில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் பழம் பறிக்கப் போவாராம். நடுவில் ஒரு வண்டிப் பாதை. இந்தப் பக்கமும் அதே கொடி, அந்தப் பக்கமும் அதே கொடி. அதே வெயில், அதே மழை, பயிர் செய்கிறவனும் ஒரே ஆள். ஆனால் இந்தப் பக்கத்து ஒயின் வேறு, அந்தப் பக்கத்து ஒயின் வேறு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்களாம். காரணம், பாதைக்கு இந்தப் பக்கம் களிமண், அந்தப் பக்கம் சுண்ணாம்புக் கல்.

களிமண்ணில் தண்ணீர் நிற்கும். கொடி கால் நீட்டிப் படுத்துக்கொண்டு குடிக்கும். அந்த ஒயினுக்குக் கனம் உண்டு, சுறுசுறுப்பு கிடையாது. மணலில் வளர்ந்தால் லேசாக இருக்கும், நாக்கில் நிற்காது. சுண்ணாம்புக் கல்லில்தான் விசேஷம். தண்ணீர் ஓடிவிடும். வேர் வேறு வழியில்லாமல் கல் இடுக்கில் புகுந்து கீழே கீழே போய்த் தேட வேண்டும். பழம் சிறுத்துவிடும், தோல் தடித்துவிடும், ருசி எல்லாம் அதற்குள்ளேயே சுண்டி நிற்கும்.

"கொடி கஷ்டப்படணும், தம்பி. சொகமா வளந்த கொடி சோம்பேறி ஒயின்தான் குடுக்கும்" என்றார்.

மதுவிலக்கு வாசகர்கள் இதை நம்ப மறுக்கலாம். ஆனால் தண்ணீர் மாறினால் காபி மாறுகிறது என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் நீங்கள்தானே? முத்திரப்பாளையத்திலிருந்து குழாயில் வரும் தண்ணீரில் போட்டால் பருப்பு பூவாக வேகிறது. எங்கள் தெருக் கிணற்று உப்புத் தண்ணீரில் அதே பருப்பு முறைத்துக்கொண்டு கிடக்கிறது. பருப்புக்கு இருக்கிற ரோஷம் திராட்சைக்கு இருக்காதா?

ஆக, முசே மண் தேடிப் புறப்பட்டார். கோரிமேட்டுச் செம்மண், வில்லியனூர்ப் பக்கத்துக் களிமண், பாகூர் வண்டல், அரியாங்குப்பத்து ஆற்று மணல் எல்லாம் பொட்டலம் பொட்டலமாக வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் கிளாஸ் தண்ணீரில் கரைப்பார். முகர்வார். பிறகு, நான் கண்ணால் பார்த்தேன், விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். கண்ணை மூடி யோசிப்பார். துப்புவார். தெருவில் இது பற்றிப் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். பட்டாளத்தில் தலையில் அடிபட்டிருக்கலாம் என்பது பொதுவான அபிப்பிராயம்.

கடைசியில் சேதராப்பட்டில் அகப்பட்டது. வெளுத்த சுண்ணாம்புக் கல். உடைத்தால் உள்ளே சிப்பி இருக்கிறது, நத்தை இருக்கிறது, எல்லாம் கல்லாகிப் போய். ஒரு காலத்தில் கடல் அதுவரை இருந்ததாம். முசே அந்தக் கல்லை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அங்கே அந்தத் தோட்டத்திலும் இதே சிப்பிக் கல்தானாம். மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. அவர் போய்விட்டால் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது, அவ்வளவுதான்.

கல்லை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த சேதராப்பட்டு விவசாயிக்கு ஒன்றும் புரியவில்லை. முசே வீட்டுத் தோட்டத்தில் பெரிய பள்ளம். அதில் கல்லைக் கொட்டச் சொல்கிறார்கள். கொட்டினான். பிறகு என்னிடம் தனியாக வந்தான்.

"எங்க கொல்லையில இந்தக் கல்லப் பொறுக்கிப் பொறுக்கியே எங்கப்பன் முதுகு கூனிப்போச்சு. இவுரு காசு குடுத்து வாங்கிப் போடுறாரே... வூட்டுல சொல்லிட்டீங்களா?"

சொல்லியாகிவிட்டது என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. காளையைத் தட்டிவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

கல்லுக்கு மேல் கொஞ்சம் செம்மண். அதில் ஒரு பாதிரியார் தோட்டத்திலிருந்து கேட்டு வாங்கிய திராட்சைக் குச்சி. வேர் பிடிக்கிறவரை முசேவே தெருக்குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து அளந்து ஊற்றினார். பிறகு நிறுத்திவிட்டார். எருவும் கிடையாது. கொடி பந்தலைத் தொட்டதும் கத்திரிக்கோலோடு ஏறிப் பாதியை வெட்டினார். பிஞ்சுக்குலை விட்டதும் அதிலும் பாதியைக் கிள்ளி எறிந்தார். மிச்சக் குலைக்கு ருசி சேருமாம்.

எங்கள் தெரு இதைத் தாங்கவில்லை. பொரிகிற வெயிலில் ஒரு செடி வாய் திறந்து நிற்கிறது, பக்கத்திலேயே கிணறு இருக்கிறது, வீட்டுக்காரர் ஈஸிசேரில் உட்கார்ந்து அது கஷ்டப்படுவதை வேடிக்கை பார்க்கிறார். இது என்ன நியாயம்? நம் வீடுகளில் அரிசி களைந்த தண்ணீரைக்கூட ஒரு வாழைக்கோ முருங்கைக்கோ ஊற்றாமல் யாராவது கீழே கொட்டுகிறார்களா? என் மனைவி மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும்படி, "பிஞ்சக் கிள்ளுற கைக்கு எப்படித்தான் மனசு வருதோ" என்றாள். மீன் விற்கிற அஞ்சலை, குருசுக்குப்பத்திலிருந்து கூடையோடு வருகிறவள், பந்தலடியில் நின்று கொடியைத் துக்கம் விசாரிப்பது போலப் பார்ப்பாள்.

முசே மசியவில்லை. கஷ்டப்படணும் என்றார்.

ஆனால் கொடி கஷ்டப்படுகிற மாதிரி தெரியவில்லை!

இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கரும்பச்சை. கிள்ளக் கிள்ளத் துளிர்த்தது. குலை விட்டபோது பழம் சிறுக்கவில்லை, கோலிக்குண்டு அளவுக்குப் பருத்துத் தொங்கியது. முசே கொஞ்சம் குழம்பினார். அங்கே பார்த்த பழம் இப்படி இல்லையே? இரண்டு நாள் பந்தலைச் சுற்றி வந்தார். பிறகு சமாதானமாகிவிட்டார். எல்லாம் சேதராப்பட்டுச் சுண்ணாம்பின் மகிமை, நம் மண் அந்த மண்ணைவிட ஒரு படி மேல் என்று எனக்கு விளக்கினார். நானும் தலையாட்டினேன். போன வருஷம் இதே பகுதியில் 'நம் மண்ணின் வளம்' என்று உணர்ச்சிகரமாக எழுதியதாகவும் ஞாபகம். வாசகர்கள் மறந்திருந்தால் நல்லது.

அறுவடை ஆனது. மர்த்தாள் அம்மாள் முசேவின் காலைச் சீயக்காய் போட்டு இரண்டு தரம் கழுவிய பிறகே பழத்தை மிதிக்க விட்டார். ஊறுகாய் ஜாடிகளில் சாறு நுரைத்தது. சர்க்கரை ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் சர்க்கரை போட்டுச் செய்வதெல்லாம் முசேவைப் பொறுத்தவரை பாயசம். வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, இருட்டு அறையில் வைத்துப் பூட்டினார். மாதங்கள் போயின. மகன் இந்தச் சமயத்தில்தான் மறுபடியும் நச்சரிக்க ஆரம்பித்தான். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், பேசவும் ஆரம்பித்துவிட்டாள். பாட்டில் திறக்கட்டும் என்று முசே பதில் போட்டார்.

திறந்த நாள்தான் போன ஞாயிற்றுக்கிழமை.

மாதா கோயில் பூசை முடிந்து வந்த உடுப்போடு மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். முசே மெடலைக் குத்திக்கொண்டிருந்தார். தட்டில் வறுத்த நெத்திலி. மர்த்தாள் அம்மாள் வழக்கமாக உள்ளே போய்விடுகிறவர், அன்று ஸ்டூலைப் போட்டுக் கதவோரமாக உட்கார்ந்தார். மடியில் பின்னல் இல்லை. நான் அதைக் கவனித்தேன்.

முசே ஊற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறம் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. முகர்ந்தார். மீசை அசையவில்லை. ஒரு வாய் உறிஞ்சி, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் அனுப்பி, விழுங்கினார்.

நானும் குடித்தேன். திராட்சை குளித்துவிட்டுப் போன தண்ணீர் மாதிரி இருந்தது. பிறகு ஒரு கரிப்பு. அதற்கும் பிறகு, லேசாக, மீன் கூடை. நெத்திலித் தட்டு பக்கத்தில் இருந்ததால் அப்படித் தோன்றியிருக்கலாம். இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

"தண்ணி" என்றார் முசே.

இன்னொரு வாய். "உப்பு." கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். "இது நம்ம கெணறு. நான் கெணத்துத் தண்ணி ஒரு சொட்டு ஊத்தல. யாரோ இதுக்கு வேள தவறாம சோறு தண்ணி குடுத்திருக்காங்க."

ஒயின் என்பது இப்படிப்பட்ட வஸ்து என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எந்தக் கல்லில் நின்றது, எந்தத் தண்ணீரைக் குடித்தது, யார் கை பட்டது என்று எல்லாவற்றையும் மூடிவைத்துக்கொண்டு, வருஷம் கழித்துத் திறந்ததும் ஒப்பித்துவிடுகிறது. என்னை எதற்குச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்?

"நாந்தான் ஊத்துனேன்" என்றார் மர்த்தாள் அம்மாள்.

பிறகு அவர் மெல்ல மெல்லச் சொன்னது இதுதான். முசே மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். பட்டாளத்துத் தூக்கம், கடிகாரம் மாதிரி. அந்த நேரத்தில் மீன் கழுவின தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடியின் காலில் ஊற்றுவார். திராட்சைக்கு மீன் தண்ணீரை மிஞ்சிய எரு கிடையாது, குலைகுலையாகக் காய்க்கும் என்று சொன்னவள் அஞ்சலை. அரிசி களைந்த தண்ணீரும் உண்டு. போதாத நாளில் கிணற்றுத் தண்ணீர். தெருவில் பெண்கள் எல்லாருக்கும் இது தெரியுமாம். என் மனைவியே எங்கள் வீட்டு மீன் தண்ணீரைச் சுவருக்கு மேலே எடுத்துக் கொடுத்திருக்கிறாளாம். ஆண்களுக்கு மட்டும் தெரியாது. இது எங்கள் தெருவுக்கு மட்டும் உரிய விசேஷம் என்று நான் நினைக்கவில்லை.

"என்னா மீனு?" என்றார் முசே. எதற்குக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

"கெடச்ச மீனு. வெள்ளிக்கெழமன்னா சங்கரா."

முசே கிளாஸைத் தள்ளி வைத்தார். குரல் மாறியிருந்தது. "நான் தோக்கணும்னுதான ஊத்துன? தோத்தாதான் கப்பல் ஏறுவேன்னு?"

எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. சாட்சி எழுந்து போகலாமா?

"செயிக்கணும்னு ஊத்துனேன், செயிச்ச சந்தோசத்துல கேட்டா வருவீங்கன்னு" என்றார் அந்த அம்மாள். "காஞ்சிபோயி நின்னுச்சுன்னா நீங்க தோத்துப்பூடுவீங்க. தோத்த மனுசனக் கூட்டிக்கிட்டு அவ்ளோ தூரம் எப்படிக் கப்பல்ல போறது, மூஞ்சப் பாத்துக்கிட்டே போணுமில்ல."

"அப்போ... உனக்குப் போணுமா?"

மர்த்தாள் அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"செம்மண்ண நாக்குல வெச்சிப் பாத்தீங்க. களிமண்ணப் பாத்தீங்க. சேதராப்பட்டுக் கல்லக்கூட நக்கிப் பாத்தீங்க. என்னிய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நாலு வாக்கியம். நான் எண்ணவில்லை, தானாகத் தெரிந்தது.

முசே என்னைப் பார்த்தார். நான் நெத்திலியைப் பார்த்தேன். மகன் கேட்டான், அப்பா பதில் சொன்னார். நான் கேட்டேன், மண்ணைப் பற்றிச் சொன்னார். போவதா இருப்பதா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. பேத்தியின் போட்டோவைத் தினமும் முந்தானையால் துடைத்து வைக்கிறவரை, அத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"அங்க குளிரும்" என்றார் முசே, கடைசியில்.

அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஸ்வெட்டர். சாம்பல் நிறம், நீளக் கை. முசேவின் மடியில் வைத்தார். அவர் மெடலைக் கழற்றினார். சட்டைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டார். அளவு எடுத்த மாதிரி இருந்தது. காற்றே இல்லாத காலை, எனக்கே முதுகில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அவர் அந்த ஸ்வெட்டரோடு உட்கார்ந்து, கிளாஸில் மிச்சம் இருந்ததைச் சொட்டு விடாமல் குடித்தார். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. வேர்வைதான் என்று வைத்துக்கொள்வோம்.

"இது ஒயின் இல்ல" என்றார். "ஆனா குடிக்கலாம்."

அடுத்த கப்பலுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மிச்சப் பாட்டில்களின் வாயை மர்த்தாள் அம்மாள் திறந்து வைத்துவிட்டார். வினிகராகத் திரும்புகிறதாம், ஊறுகாய்க்கு ஆகும், எங்களுக்கும் உண்டு. கொடியைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று முசே கண்டிப்பாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்று அந்த அம்மாள் என் மனைவியைப் பார்த்துத் தலையசைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். கொடி எப்படியும் பிழைத்துக்கொள்ளும். நான் சாயங்காலங்களில் யாரோடு பேசப்போகிறேன் என்பதுதான் தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் நேரே அடுக்களைக்குப் போனேன். "உனக்கு என்ன வேணும்? இத்தன வருஷத்துல நான் கேட்டதே இல்லையே" என்றேன், மனப்பூர்வமாக.

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து என் வாயை முகர்ந்து பார்த்தாள்.